பைதானின் புதிய பதிப்பில் வந்த மாற்றத்தை எப்படி எழுதிவைப்பது?

நான் மூன்று வருடமாகக் கை வைக்காத ஒரு ஸ்கிரிப்ட், பைதான் 3.10-க்கு மாறிய அன்று முதல் வரியிலேயே நின்றுவிட்டது. கலெக்ஷன்ஸ் மாட்யூலிலிருந்து மேப்பிங்கை எடுக்க முடியவில்லை என்று இம்போர்ட்எர்ரர். பதிப்பில் என்ன புதிது என்று சொல்லும் 3.10-இன் ‘வாட்ஸ் நியூ’ பக்கத்தைத் திறந்து, நீக்கப்பட்டவை பகுதிக்குப் போனேன். கலெக்ஷன்ஸில் இருந்த பழைய மாற்றுப்பெயர்களை எடுத்துவிட்டதாக அங்கே ஒரு வரி இருந்தது. என் கோடில் கலெக்ஷன்ஸ்.ஏபிசி என்று திருத்தினேன், ஓடியது. அந்த ஒரு வரியை யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அவர் எழுதாமல் விட்டிருந்தால் எனக்கு ஒரு மாலைப்பொழுது போயிருக்கும்.

இனி நீங்களும் அந்த மாதிரி வரியை எழுத வேண்டியிருக்கலாம். பைதானுக்குப் பங்களிக்க வருகிறவர்கள் பலர் கோடை எழுதி முடித்துவிட்டு, குறிப்பு எழுதும் இடத்தில்தான் தயங்கி நிற்பார்கள். அதனால் நிஜமாகவே நடந்த ஒரு மாற்றத்தை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை போவோம். 2021 அக்டோபர் 4 அன்று வெளியான 3.10-இல், பெப் 618 (பைதான் மாற்றங்களுக்கான முன்மொழிவு ஆவணம்) வழியாக, லிஸ்ட்களை ஜோடி ஜோடியாக இணைத்துத் தரும் ஜிப் ஃபங்ஷனுக்கு ‘ஸ்ட்ரிக்ட்’ என்ற ஆர்கியுமென்ட் வந்தது. அதை நாமே சேர்த்ததாக வைத்துக்கொள்வோம்.

படி 1: பயன்படுத்துகிறவர் பக்கம் நின்று ஒரு வாக்கியம் எழுதுங்கள்

ஒரு லிஸ்டில் மூன்று பெயர்கள்: கயல், முருகன், நிலா. இன்னொன்றில் இரண்டே மதிப்பெண்கள்: 78, 91. இரண்டையும் ஜிப்பில் கொடுத்து லூப் ஓட்டினால் கயலுக்கு 78, முருகனுக்கு 91 என்று அச்சாகும். நிலா காணாமல் போய்விடுவாள். எர்ரரும் வராது, எச்சரிக்கையும் வராது. இந்த மாற்றம் யாருக்காக வந்தது என்பது இந்த நிலாவை நினைத்தால் புரிந்துவிடும்.

கோட் எழுதிய கையோடு குறிப்பு எழுதினால், ‘ஜிப்பின் உள்ளே நீளத்தைச் சரிபார்க்கும் பகுதி சேர்க்கப்பட்டது’ என்றுதான் வரும். அது எழுதினவருக்குப் புரியும். படிக்கிறவருக்கு வேண்டியது இது: ‘ஜிப்புக்கு இனி ஸ்ட்ரிக்ட் என்ற ஆர்கியுமென்ட் கொடுக்கலாம். அதற்கு ட்ரூ கொடுத்தால், நீளங்கள் ஒன்றாக இல்லாதபோது வேல்யூஎர்ரர் எழும். கொடுக்காவிட்டால் பழையபடியே நடக்கும்.’

இதில் மூன்றாவது வாக்கியத்தைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் மூன்றில் முக்கியமானதே அதுதான். ஆயிரம் இடத்தில் ஜிப் பயன்படுத்தியிருக்கிற ஒருவர், தன் பழைய கோட் உடையுமா என்ற பயத்தோடுதான் இந்தப் பக்கத்துக்கே வருகிறார்.

படி 2: நியூஸ் குறிப்பை ப்ளர்ப் வைத்துச் சேருங்கள்

நியூஸ் என்பது பைதானில் வந்த மாற்றங்களைப் பதிவுசெய்யும் பட்டியல். பைதானின் நிறுவல் கருவியான பிப் வழியாக ப்ளர்ப் என்ற சின்னக் கருவியை நிறுவிக்கொள்ளுங்கள். பைதான் களஞ்சியத்தின் ஃபோல்டருக்குள் இருந்தபடியே டெர்மினலில் அதன் பெயரை அடித்து என்டர் தட்டினால், உங்கள் எடிட்டரில் ஒரு படிவம் திறக்கும். கிட்ஹப் இஷ்யூ எண்ணை அதற்கான இடத்தில் போடுங்கள். கீழே செக்யூரிட்டி, லைப்ரரி, டாகுமென்டேஷன், விண்டோஸ், சி ஏபிஐ என்று பகுதிகளின் பட்டியல் இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஹேஷ் குறி இருக்கும். உங்கள் மாற்றம் எந்தப் பகுதியைச் சேர்ந்ததோ அந்த ஒரு வரியில் மட்டும் ஹேஷை எடுத்துவிடுங்கள். ஜிப் மொழியோடு பிறந்த ஃபங்ஷன் என்பதால் ‘கோர் அண்ட் பில்டின்ஸ்’ பகுதிக்குப் போகும். அப்புறம் கடைசியில் உங்கள் குறிப்பை முழு வாக்கியமாக எழுதிச் சேமியுங்கள்.

தேதி, நேரம், இஷ்யூ எண் எல்லாம் சேர்ந்த நீளமான பெயரில் தனி ஃபைல் ஒன்று உருவாகியிருக்கும். ஒரு குறிப்புக்கு ஒரு ஃபைலா என்று கேட்கலாம். முன்பு எல்லோரும் ஒரே நியூஸ் ஃபைலில்தான் எழுதினார்கள். இருவர் ஒரே இடத்தில் வரி சேர்த்தால் மெர்ஜ் செய்யும்போது முட்டிக்கொள்ளும். 2017 பிப்ரவரியில் பைதான் கிட்ஹப்புக்குக் குடிபெயர்ந்தது. அதே வருடம் லாரி ஹேஸ்டிங்ஸ் ப்ளர்ப்பை எழுதினார். தனித்தனி ஃபைல்கள் என்பதால் மோதல் இல்லை. வெளியீட்டு நேரத்தில் ப்ளர்ப்பே எல்லாவற்றையும் ஒன்றாகத் தொகுத்துவிடும்.

எல்லா மாற்றத்துக்கும் நியூஸ் குறிப்பு தேவையில்லை. எழுத்துப் பிழைத் திருத்தம், டெஸ்ட் மட்டும் மாறியது, வெளியே யாருக்கும் தெரியாத உள்வேலை ஆகியவற்றுக்கு வேண்டாம்.

படி 3: ஃபங்ஷனின் சொந்தப் பக்கத்தில் பதிப்பு எண்ணைப் போடுங்கள்

இப்போது டாக் ஃபோல்டருக்குள் லைப்ரரி ஃபோல்டரில் ஜிப்பின் விளக்கம் இருக்கும் ஃபைலைத் திறங்கள். விளக்கத்தின் முடிவில் ஒரு வெற்று வரி விட்டு, இரண்டு புள்ளி, ஓர் இடைவெளி, பிறகு வெர்ஷன்சேஞ்ச்ட் என்ற சொல்லை ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஒரே சொல்லாக அடியுங்கள். அதை ஒட்டி இரண்டு முக்காற்புள்ளி, ஓர் இடைவெளி, பதிப்பு எண். அடுத்த வரியை மூன்று இடைவெளி உள்ளே தள்ளி, ‘ஸ்ட்ரிக்ட் ஆர்கியுமென்ட் சேர்க்கப்பட்டது’ என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். இதைத்தான் ஆவணப் பக்கங்களை உருவாக்கும் ஸ்ஃபிங்ஸ் என்ற கருவி படித்து, ‘3.10 பதிப்பில் மாறியது’ என்று பக்கத்தில் காட்டுகிறது.

புதிதாகப் பிறந்த ஃபங்ஷன் என்றால் வெர்ஷன்ஆடட். ஏற்கெனவே இருந்தது மாறினால் வெர்ஷன்சேஞ்ச்ட். மேத் மாட்யூலின் ஜிசிடி பக்கத்தைப் பார்த்தால் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும்: 3.5-இல் வந்தது, 3.9-இலிருந்து எத்தனை எண்கள் வேண்டுமானாலும் கொடுக்கலாம், அதற்கு முன் இரண்டு மட்டும். இரண்டே வரியில் ஒரு ஃபங்ஷனின் வாழ்க்கை வரலாறு தெரிகிறது.

இப்போது பதிப்பு எண்ணுக்குப் பதில் நெக்ஸ்ட் என்ற சொல்லைப் போட்டாலே போதும். வெளியிடும்போது சரியான எண் அங்கே வந்துவிடும்.

படி 4: வாட்ஸ் நியூ பக்கம்

நியூஸ் என்பது முழுக் கணக்குப் புத்தகம். வாட்ஸ் நியூ அப்படியல்ல; அது வாசகரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்கிற இடம். 2000-இல் வந்த 2.0-இலிருந்து 2.7 வரை ஏ. எம். குக்லிங் இதை எழுதிவந்தார். இன்றும் அந்த ஃபைலின் தலைப்பகுதியில் பராமரிப்பு விதிகள் கமென்ட்டாக இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், சொற்களைச் செதுக்குவதில் அதிக நேரம் செலவிட வேண்டாம், எப்படியும் பிறகு திருத்தி எழுதப்படும் என்கிறது அது. புதியவர்களுக்கு இதைவிட ஆறுதலான வரவேற்பு வேண்டுமா? தயங்காமல் எழுதுங்கள். பங்களித்தவர் பெயரையும் இஷ்யூ எண்ணையும் அடைப்புக்குறிக்குள் சேர்க்க மறக்காதீர்கள். பின்னால் திருத்துகிறவர் கிட் லாகைத் தோண்டாமல் இருக்க அது உதவும்.

ஒரு விஷயத்தில் மட்டும் சொல் சொல்லாக யோசிக்க வேண்டும்: நீங்கள் எதை உறுதி அளிக்கிறீர்கள் என்பதில். 3.6-இல் டிக்ஷனரியின் உள்கட்டமைப்பு மாறியபோது, சாவிகளைச் சேர்த்த வரிசையிலேயே அது வைத்துக்கொள்ளத் தொடங்கியது. ஆனால் 3.6-இன் வாட்ஸ் நியூ, இது உள்வேலையின் விளைவு, இதை நம்பிக் கோட் எழுதாதீர்கள் என்று தெளிவாகச் சொன்னது. 3.7-இல்தான் அந்த வரிசை மொழியின் அதிகாரபூர்வ பகுதி ஆனது. இரண்டு பதிப்பிலும் டிக்ஷனரி வரிசையைக் காப்பாற்றியது. வாக்கு மட்டும்தான் வேறு. ‘இப்போது இப்படி நடக்கிறது’ என்பதையும் ‘இனி எப்போதும் இப்படித்தான் நடக்கும்’ என்பதையும் கலக்காதீர்கள்.

படி 5: எதையாவது எடுத்துவிட்டால்

சேர்ப்பதைவிட நீக்குவதற்குக் குறிப்பு எழுதும்போது இரு மடங்கு கவனம் வேண்டும். முதலில் ‘இது போகப் போகிறது’ என்று எச்சரிக்க வேண்டும். பிறகு அவகாசம் கொடுத்து எடுக்க வேண்டும். பேக்கேஜ்களை உருவாக்கி நிறுவ உதவிய டிஸ்ட்யூட்டில்ஸ் மாட்யூல் 3.10-இல் வழக்கொழிந்ததாக அறிவிக்கப்பட்டு 3.12-இல் நீக்கப்பட்டது. இதற்கென்று டெப்ரிகேட்டட்-ரிமூவ்ட் என்ற குறியீடே உண்டு. எப்போது எச்சரித்தோம், எப்போது போகும் என்று இரண்டு பதிப்பு எண்களை அது கேட்கும். அதன் கீழே, பதிலுக்கு எதைப் பயன்படுத்த வேண்டும் என்று அவசியம் எழுதுங்கள். என் ஸ்கிரிப்ட் நின்ற அன்று எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு சொல்தான்.

படி 6: இரண்டு பதிப்பிலும் ஓட்டிப் பாருங்கள்

டாக் ஃபோல்டரில் மேக் கட்டளையால் ஹெச்டிஎம்எல் பக்கங்களை உருவாக்கி, உங்கள் வரி சரியாகத் தெரிகிறதா என்று பிரவுசரில் பாருங்கள். அதோடு நிறுத்தாதீர்கள். 3.9, 3.10 இரண்டையும் தனித்தனி டெர்மினலில் திறந்து, நிலாவின் உதாரணத்தை ஸ்ட்ரிக்டோடு ஓட்டுங்கள்.

3.9-இல் உடனே டைப்எர்ரர் வரும். அந்தப் பதிப்புக்கு ஸ்ட்ரிக்ட் என்றால் என்னவென்றே தெரியாது. 3.10-இல் லூப் கயலையும் முருகனையும் அச்சடித்துவிட்டு, அதற்கப்புறம்தான், இரண்டாவது லிஸ்ட் முதலாவதைவிடச் சிறியது என்று வேல்யூஎர்ரர் காட்டும். ஜிப் ஒவ்வொரு ஜோடியாக எடுத்துத் தருவதால், முடிவுக்குப் போனால்தான் குறைவது அதற்குத் தெரியும். லூப்புக்குள் டேட்டாபேஸில் எழுதுகிறவர் என்றால், எர்ரர் வருவதற்குள் இரண்டு வரிசைகள் உள்ளே போயிருக்கும்.

இதை ஓட்டிப் பார்க்காமல் யாருக்கும் சட்டென்று தோன்றாது. திரும்பவும் படி 1-இல் எழுதிய வாக்கியத்துக்குப் போய், ‘நீளம் சரியில்லை என்பது முடிவை எட்டும்போதுதான் தெரியவரும்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டு, புல் ரிக்வெஸ்ட்டை (மாற்றத்தை ஏற்கச் சொல்லும் கோரிக்கையை) அனுப்புங்கள்.