வீட்டு ஜெனரேற்றருக்கு எந்த ஒயில்? வன்னி வெயிலுக்கும் புழுதிக்கும் ஏற்றதைத் தேர்ந்தெடுப்பது எப்படி

2022 இல் 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது வாங்கிய சின்ன ஜெனரேற்றர் இன்றைக்கும் பல வீடுகளில் இருக்கிறது. கரண்ட் ஒழுங்கான பிறகு அது கொட்டில் மூலைக்குப் போய்விட்டது. மாரியில் மரம் முறிந்து வயர் அறுந்தால்தான் வெளியே வரும். அப்போது பெற்றோல் இருக்கிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். ஒயிலைப் பார்ப்பவர்கள் குறைவு. பார்த்தாலும் கடையில் போய்க் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கொம்பனி ஒயில் நல்லது?" என்பதுதான்.

அந்தக் கேள்வியைக் கடைசிக்கு வையுங்கள். உங்கள் மிசின் என்ன வகை, அது எவ்வளவு சூட்டில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று தெரிந்துவிட்டால் ஒயிலைத் தெரிவு செய்வது சுலபம்.

படி 1: டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?

எஞ்சினின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். பெற்றோல் டாங்கிக்குச் சம்பந்தமில்லாமல் தனியாக ஒரு மூடி இருக்கும். அதைத் திருகிக் கழற்றினால் கூடவே ஒரு அளவுக் குச்சியும் வரும். இருந்தால் அது ஃபோர் ஸ்ட்ரோக்.

அப்படி ஒரு மூடியே இல்லை, பெற்றோல் மூடிக்குப் பக்கத்தில் கலவை அளவு எழுதியிருக்கிறது என்றால் அது டூ ஸ்ட்ரோக். ஒரு கிலோவாற்றுக்கும் குறைந்த சின்னப் பெட்டி மிசின்களில் இது உண்டு. இதற்கு ஒயிலைத் தனியாக ஊற்ற இடமில்லை, பெற்றோலோடு கலக்க வேண்டும். 50க்கு 1 என்று போட்டிருந்தால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் 2டி, அதாவது டூ ஸ்ட்ரோக் ஒயில். போத்தலில் ஜாஸோ என்ற ஜப்பானியத் தரக் குறியோடு எஃப்சி அல்லது எஃப்டி என்று இருந்தால் நல்லது, புகையும் கரியும் குறையும். வெறும் பெற்றோலில் ஒருநாளும் ஓடவிடாதீர்கள். டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்கு ஒயில் தெரிவு இவ்வளவுதான். கீழே வருவதெல்லாம் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு.

படி 2: பெற்றோலா, டீசலா?

ஒயில் கானின் பின்பக்கத்தில் ஏபிஐ என்ற தரக் குறியைப் போட்டு, பக்கத்தில் இரண்டு எழுத்து இருக்கும். முதல் எழுத்து எஸ் என்றால் பெற்றோல் எஞ்சினுக்கு, சி என்றால் டீசல் எஞ்சினுக்கு. இரண்டாவது எழுத்து பிந்தப் பிந்தத் தரம் புதியது. எஸ்ஜே, எஸ்எல், எஸ்என், எஸ்பி என்று வரிசை போகும். பெற்றோல் ஜெனரேற்றருக்கு எஸ்ஜே அல்லது அதற்குப் பிந்தியது எதுவும் சரி. டீசல் ஜெனரேற்றர் என்றால் சிஎஃப் அல்லது சிஐ-4 தரத்தில் 15டபிள்யூ-40 பெரும்பாலும் பொருந்தும்.

லான்ட்மாஸ்டருக்கு (இரு சக்கர உழவு மிசினுக்கு) வாங்கிய ஒயில் மிச்சம் இருக்கிறது, அதை ஜெனரேற்றருக்கு விடலாமா என்று கேட்பவர்கள் நிறைய. அந்தக் கானைத் திருப்பிப் பாருங்கள். சிஐ-4/எஸ்எல் என்று இரண்டும் சேர்த்துப் போட்டிருந்தால், அவசரத்துக்குப் பெற்றோல் மிசினுக்கும் விடலாம். சி மட்டும் இருந்தால் வேண்டாம்.

படி 3: நம்முடைய வெயிலுக்கு எந்தத் தடிப்பு?

இதுதான் முக்கியமான இடம். 10டபிள்யூ-30 என்பதில் இரண்டு கணக்கு இருக்கிறது. டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண், குளிரில் ஒயில் எவ்வளவு இளகி நிற்கும் என்பதைச் சொல்கிறது. 10டபிள்யூ ஒயிலை எஞ்சின் ஸ்டார்ட்டுக்காகச் சோதிப்பது பூச்சியத்துக்குக் கீழே 25 பாகையில். மார்கழிப் பனியில் நாம் போர்த்திக்கொண்டு படுத்தாலும் அந்தக் குளிர் கிளிநொச்சிக்கு வரப்போவதில்லை. ஆகவே முதல் எண்ணைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

பின்னால் இருக்கும் எண்தான் நமக்கு வேலை. எஞ்சின் கொதித்து ஓடும்போது, அதாவது 100 பாகையில், ஒயில் எவ்வளவு தடிப்பாக நிற்கிறது என்பது அது. 30ஐ விட 40 தடிப்பு, 40ஐ விட 50 தடிப்பு.

வீட்டு ஜெனரேற்றர் காற்றால் குளிரும் எஞ்சின். ரேடியேற்றர் கிடையாது. சோளகம் வீசும் காலத்தில் புதுக்குடியிருப்பிலோ மாங்குளத்திலோ மத்தியான வெயிலில் ஓடவிட்டால், அதைக் குளிர வைக்க வரும் காற்றே அனலாகத்தான் இருக்கும். ஹொண்டா கைநூல்கள் பொதுப் பாவனைக்கு 10டபிள்யூ-30 என்று சொல்கின்றன. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ரட்டன் கைநூல்களோ, 27 பாகைக்கு மேல் 10டபிள்யூ-30 விட்டால் ஒயில் கூடுதலாகச் செலவாகலாம், அடிக்கடி அளவு பாருங்கள் என்கின்றன. நமக்கு வருடத்தில் பெரும்பாலான பகல்கள் 27ஐத் தாண்டியவை.

ஆகவே என் தெரிவு இப்படி. மின்வெட்டு நேரத்தில் ஓரிரு மணி நேரம் பிரிட்ஜுக்கும் லைற்றுக்கும் ஓடுகிற மிசினுக்கு 10டபிள்யூ-30 போதும். ஸ்கூட்டிக்கு விடும் ஃபோர் ஸ்ட்ரோக் ஒயிலில் இந்தத் தடிப்பு சுலபமாகக் கிடைக்கும், பயமில்லாமல் விடலாம். மோட்டார் சைக்கிள் ஒயிலில் எழுதியிருக்கும் ஜாஸோ எம்ஏ, எம்பி எல்லாம் கிளச் சம்பந்தப்பட்டவை. ஜெனரேற்றருக்குக் கிளச்சே இல்லை.

பகலில் மணிக்கணக்காக முழுச் சுமையில் ஓடினால் எஸ்ஏஇ 30 என்று ஒற்றை எண் போட்ட ஒயில் இன்னும் பொருத்தம். அதன் குறை 4 பாகைக்குக் கீழே ஸ்டார்ட் எடுக்கக் கஷ்டப்படுவது. அது நம் பிரச்சினை இல்லை. வற்றாப்பளைப் பொங்கல் போன்ற இரவுகளில் விடிய விடிய ஓடுகிற மிசினுக்கும் இதுதான் நல்லது.

"வெயில் கூட, அப்போ தடிப்பான 20டபிள்யூ-50 விட்டால் இன்னும் பாதுகாப்புத்தானே?" என்று கடைக்காரரே சொல்வதுண்டு. கேட்காதீர்கள். இந்தச் சின்ன எஞ்சின்கள் பலவற்றில் ஒயில் பம்ப் கிடையாது. பிஸ்டனோடு சேர்ந்து ஆடும் கொனெக்டிங் ரொட்டின் அடியில் இருக்கும் ஒரு சின்னத் துடுப்பு, அகப்பைபோல ஒயிலை அள்ளி எல்லா இடமும் தெறிக்க விடுகிறது. ஒயில் அளவுக்கு மிஞ்சித் தடித்தால் ஸ்டார்ட் பண்ணிய முதல் நிமிடங்களில் மேலே சரியாகத் தெறிக்காது. கைநூல் அனுமதித்தால் மட்டும் 40 வரை போகலாம்.

படி 4: கடையில்

கால்டெக்ஸ், சேர்வோ, மொபில் என்று எது கிடைத்தாலும் மேலே சொன்ன எழுத்தும் எண்ணும் பொருந்தினால் போதும். மூடியில் சீல் உடையாமல் இருக்க வேண்டும். பீப்பாவில் இருந்து அளந்து தரும் உதிரி ஒயில் வேண்டவே வேண்டாம். அதில் என்ன இருக்கிறது என்று பார்வைக்குத் தெரியாது.

படி 5: ஊற்றும் அளவு

சூட்கேஸ் அளவு இன்வேட்டர் மிசினுக்கு 0.4 லீற்றர், இரண்டு, மூன்று கிலோவாற்று மிசினுக்கு 0.6 லீற்றர் அளவில், 5 கிலோவாற்றுக்கு 1.1 லீற்றர் அளவில் பிடிக்கும். சரியான அளவு உங்கள் கைநூலில் இருக்கும். ஒரு லீற்றர் கானை அப்படியே கவிழ்த்துவிட வேண்டாம்.

மிசினை மட்டமான தரையில் வையுங்கள். சரிவில் வைத்தால் குச்சி பொய் சொல்லும். எஞ்சினை நிறுத்திச் சிறிது நேரம் விடுங்கள். குச்சியைத் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுங்கள். ஹொண்டா வகைகளில் குச்சியைத் திருகாமல் சும்மா வைத்துப் பார்க்க வேண்டும். வேறு சிலவற்றில் திருகிப் பார்க்க வேண்டும். மேல் கோடு வரை ஒயில் இருந்தால் சரி. பல மிசின்களில் மேல் கோடு என்பது ஒயில் விடும் துவாரத்தின் விளிம்பேதான். இன்னும் ஒரு துளி விட்டால் வெளியே வழியும் என்ற நிலை.

அளவு மிஞ்சினால் ஒயில் காற்று வடிகட்டிக்குள் ஏறி, நீலப் புகை வரும். குறைந்தால் துடுப்பு வெறும் காற்றை அள்ளும். ஒயில் குறைந்ததும் தானாக நிற்கும் சென்சர் இருந்தால் அதன் வயரைக் கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள். அடிக்கடி நிற்கிறது என்று சிலர் அப்படிச் செய்கிறார்கள். எஞ்சினைக் காப்பாற்றுவதே அந்தச் சென்சர்தான்.

மழை என்று மிசினை விறாந்தைக்குள் இழுத்து ஓடவிடுவதும் கூடாது. புகையில் இருக்கும் காபனோரொட்சைட்டு மணமில்லாமல் ஆளைக் கொல்லும்.

படி 6: எப்போது மாற்றுவது?

புது மிசினுக்கு முதல் மாற்றம் 20 மணி நேரத்தில் அல்லது முதல் மாதத்தில். புது உலோகம் தேய்ந்த துகள் எல்லாம் அந்த ஒயிலில்தான் இருக்கும். இந்தச் சின்ன எஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒயில் ஃபில்டர் கிடையாது. பிறகு 100 மணி நேரம் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது. ஓடாமல் கிடந்தாலும் ஆறு மாதக் கணக்கு உண்டு. மாரி ஈரத்தில் உள்ளே நீர் படிந்து ஒயில் பால் கலந்த தேத்தண்ணி நிறத்துக்கு வந்தால் உடனே மாற்றுங்கள்.

அந்தக் கணக்கை நம் ஊரில் இன்னும் குறைக்க வேண்டியிருக்கும். செம்மண் புழுதி காற்று வடிகட்டியைத் தாண்டினால் ஒயிலோடு சேர்ந்து எஞ்சினை அராவும். கோடையில் 50 மணிக்கு ஒருமுறை மாற்றுவது வீண் செலவு இல்லை.

மண்ணெண்ணெயில் ஓடும் வோட்டர் பம்ப் வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் ஒரு துளி பெற்றோல் காட்டி ஸ்டார்ட் எடுத்து, மண்ணெண்ணெயில் ஓடவிட்ட அனுபவம் நம் ஆட்களுக்கு நிறைய. அந்தப் பழக்கத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது. எஞ்சின் சூடாக முன்பே மண்ணெண்ணெய்க்கு மாற்றினால், எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஒயிலுக்குள் இறங்கும். குச்சியில் ஒயில் குறையாது, கூடும். பார்த்தவர் நல்லது என்று நினைத்துவிடுவார். ஒரு துளியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தேய்த்துப் பாருங்கள். வழுவழுப்பு இல்லாமல் தண்ணியாக ஓடி, மண்ணெண்ணெய் மணந்தால் அந்த ஒயில் முடிந்தது. மணிக்கணக்குப் பார்க்காமல் மாற்றுங்கள்.

படி 7: பழைய ஒயில்

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, இளஞ்சூட்டில் வடியுங்கள். அழுக்கும் சேர்ந்து இறங்கும். வடித்ததைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்து ஊரே தண்ணீருக்கு அலைந்தது எங்கோ தூரத்தில் நடந்த கதை இல்லை. நாமும் கிணற்றை நம்பித்தான் இருக்கிறோம். வெற்றுக் கானில் அடைத்து, பழைய ஒயில் சேர்க்கும் சர்விஸ் நிலையத்தில் கொடுங்கள். கறையானுக்கு வேலிக் கட்டையில் பூசும் வழக்கம் இருந்தாலும், கிணற்றுக்குக் கிட்ட இருக்கும் கட்டைக்கு அதுவும் வேண்டாம்.

மாற்றிய திகதியையும் விட்ட ஒயிலின் எண்ணையும் ஒரு துண்டு டேப்பில் எழுதி மிசினிலேயே ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை இருட்டில் அதை இழுத்து எடுப்பது வீட்டில் வேறு யாராகவும் இருக்கலாம்.