ஃபிளாஷ் பொருந்துகிறது என்று உடனே மாட்டிவிடாதீர்கள்

பரணில் கிடந்த பழைய ஃபிளாஷை எடுத்துத் தூசி தட்டி, நான்கு பேட்டரி போட்டால் 'கீ' என்ற மெல்லிய சத்தத்தோடு சார்ஜ் ஏறும். பின்பக்கச் சிவப்பு விளக்கு எரிந்ததும் கை தானாகக் கேமராவைத் தேடும். தயவுசெய்து அங்கே நிறுத்துங்கள். கேமராவின் தலையில் ஃபிளாஷ் மாட்டும் இடமான ஹாட் ஷூவின் அளவு பெரும்பாலான கம்பெனிகளில் ஒன்றேதான் என்பதால், எந்த ஃபிளாஷும் எதிலும் நுழைந்துவிடும். நுழைந்துவிட்டதால் மின்சாரமும் ஒத்துப்போகும் என்று நம்புவதுதான் முதல் தவறு, பெரிய தவறும் கூட.

ஷட்டர் திறக்கும்போது கேமரா, ஷூவின் நடுவில் இருக்கும் வட்டப் புள்ளியையும் ஓரத் தகட்டையும் இணைக்கிறது. ஃபிளாஷ் அடிக்க அது போதும். ஃபிலிம் கேமராக்கள் பலவற்றில் இந்த வேலையைச் செய்தது சாதாரண உலோக சுவிட்ச். ஃபிளாஷிலிருந்து அந்தப் புள்ளிக்கு 200 வோல்ட் வந்தாலும் தாங்கியது. டிஜிட்டல் கேமராவில் இருப்பது எலக்ட்ரானிக் சுவிட்ச். எல்லை மீறிய வோல்ட் வந்தால் அது கெட்டுப்போகலாம். நிக்கான் தன் கையேடுகளில் 250 வோல்ட் என்றும், ஃபியூஜிஃபிலிம் 300 வோல்ட் என்றும் எல்லை சொல்கின்றன. ஆரம்பகால டிஜிட்டல் கேமராக்கள் சிலவற்றுக்கோ 6 வோல்ட்தான் எல்லை.

மாடல் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்கவும் முடியாது. விவிடார் 283 என்ற பழைய ஃபிளாஷை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் தயாரான ஆரம்பகால 283-களில் 200 வோல்ட்டைத் தாண்டுபவை உண்டு. பிற்பாடு வந்தவை பெரும்பாலும் 10 வோல்ட்டுக்குள். வெளித்தோற்றம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அதனால் அளந்து பாருங்கள். டிஜிட்டல் மல்டிமீட்டரை டிசி 600 அல்லது 1000 வோல்ட்டில் வையுங்கள். ஃபிளாஷைத் தனியாக ஆன் செய்து, விளக்கு எரிந்த பிறகும் ஒரு நிமிடம் விடுங்கள். சிவப்பு முனையை ஃபிளாஷின் அடிப்பக்க நடுப் பின்னிலும், கறுப்பு முனையை ஷூவின் ஓரத்தில் உரசும் உலோகத்திலும் வையுங்கள். முனைகள் ஒன்றையொன்று தொட்டால் ஃபிளாஷ் முகத்திலேயே அடிக்கும், ஜாக்கிரதை. எண்ணுக்கு முன் மைனஸ் வந்தால் துருவம் தலைகீழ். அதை மாட்டவே வேண்டாம். எவ்வளவு ஆர்வம் இருந்தாலும் ஃபிளாஷைத் திறக்காதீர்கள். உள்ளே கெபாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்குத் தேங்கியிருக்கும், பேட்டரியைக் கழற்றிய பிறகும்.

காட்டிய வோல்ட் உங்கள் கேமராவின் கையேடு சொல்லும் எல்லைக்குள் இருந்தால், அப்புறம் வருவது பின்கள். நடுப் பின் எல்லோருக்கும் பொது. சுற்றியுள்ள சின்னப் பின்கள் அந்தந்தக் கம்பெனியின் சொந்த மொழி. கேனான் ஃபிளாஷை நிக்கானில் மாட்டிவிட்டு டிடிஎல்லை, அதாவது லென்ஸ் வழியே வரும் ஒளியை அளந்து கேமராவே ஃபிளாஷ் பவரை முடிவுசெய்யும் வசதியை, எதிர்பார்க்காதீர்கள். ஃபிளாஷை மேனுவலில் வையுங்கள், கணக்கு எளிது. ஃபிளாஷின் பவரைச் சொல்லும் எண்தான் கைடு நம்பர்; அதைத் தூரத்தால் வகுத்தால் எஃப் எண் வரும். கைடு நம்பர் 36 மீட்டர், ஆள் நிற்பது நாலரை மீட்டரில் என்றால், ஐஎஸ்ஓ 100-இல் முழு பவருக்கு எஃப் 8. ஷட்டரை 1/200-க்கு மேல் ஏற்றினால் பல கேமராக்களில் படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும். 283 போன்றவற்றில் முன்பக்க சென்சாரே ஒளியை அளந்து நிறுத்திக்கொள்வதால், அந்த ஆட்டோ எந்த பிராண்டு கேமராவிலும் வேலை செய்யும். எனக்கு மிகவும் பிடித்த வசதி அது.

புதிதாக ஃபிளாஷ் வாங்குபவர்கள் முதலில் கேமராவின் ஷூவைப் பாருங்கள். கேனான் 200டி மார்க் 2, 3000டி போன்றவற்றில் நடுப் புள்ளியே கிடையாது. வேறு கம்பெனியின் சாதாரண மேனுவல் ஃபிளாஷ் அதில் அடிக்காது. கோடாக்ஸ் வாங்கினால் சி, என், எஸ், எஃப் என்று பெயரோடு வரும் எழுத்து உங்கள் கேமராவுக்குரியதா என்று கடையிலேயே பாருங்கள். 2012-க்கு முந்தைய பல சோனி கேமராக்களில் மினோல்டா வழிவந்த தனி வடிவ ஷூ. அதற்கு அடாப்டர் வேண்டும்.

மாட்டும்போதும் கழற்றும்போதும் இரண்டும் ஆஃபில் இருக்கட்டும்.

அளந்ததில் உங்கள் கேமராவின் எல்லையைத் தாண்டிய ஃபிளாஷைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. வைன் சேஃப் சிங்க் மாதிரியான இடைக்கருவி 400 வோல்ட் வரை வாங்கி, கேமராவுக்கு 6-க்கும் குறைவாகத் தரும். இல்லையென்றால், அந்த வோல்ட்டைத் தாங்கும் ஆப்டிகல் ஸ்லேவில் (வேறொரு ஃபிளாஷின் வெளிச்சம் பட்டதும் தன்மேல் உள்ள ஃபிளாஷை அடிக்கவைக்கும் சின்னக் கருவி) பொருத்தி ஓரமாக வையுங்கள். கேமராவின் சின்ன ஃபிளாஷைக் குறைந்த பவரில் மேனுவலாக அடித்தால், அந்த வெளிச்சத்தைப் பார்த்து இதுவும் அடிக்கும். கேமராவோடு அதற்கு ஒரு கம்பித் தொடர்பும் இருக்காது.