டாக்கருக்குள் வயர்கார்ட்: டர்பனில் எனக்கு வந்த இரண்டு சிக்கல்கள்

வயர்கார்ட் என்ற விபிஎன் சுரங்கத்தை டாக்கர் கன்டெய்னருக்குள் (தனித்து ஓடும் சிறு பெட்டி) ஓட்டினேன். கன்டெய்னர் எழுந்ததுமே விழுந்தது. லாகில் 'பர்மிஷன் டினைட்', பக்கத்தில் 'எஸ்ஆர்சி_வேலிட்_மார்க்' என்ற கெர்னல் அமைப்பின் பெயர். வயர்கார்ட் கோப்பின் அலவ்ட்-ஐபியில் 0.0.0.0/0 (எல்லா முகவரியும்) கொடுத்தால்தான் இது வரும். எல்லாப் போக்குவரத்தையும் சுரங்கத்துக்குள் திருப்ப, வயர்கார்டை ஏற்றும் ஸ்கிரிப்டான டபிள்யூஜி-குயிக் அந்தக் கெர்னல் மதிப்பை 1 ஆக்கப் பார்க்கிறது. கன்டெய்னருக்குள்ளோ அந்த இடம் படிக்க மட்டுமே. முழு அதிகாரம் தரும் பிரிவிலேஜ்ட் கொடுத்தால் ஓடும்தான். பூட்டுக்குச் சாவி கேட்டவனிடம் வீட்டையே எழுதிக் கொடுப்பது போல. நான் நெட்வொர்க் வேலைக்கான உரிமையான நெட்_அட்மின் மட்டும் கொடுத்தேன். கன்டெய்னரின் அமைப்பை எழுதும் கம்போஸ் கோப்பில் சிஸ்கன்ட்ரோல்ஸ் (sysctls) பகுதியில் அந்த மதிப்பை 1 என்று வைத்து, டபிள்யூஜி-குயிக் ஸ்கிரிப்டில் அதே வேலையைச் செய்யும் வரியை நீக்கினேன். சில இமேஜ்களில் அந்த வரியை ஏற்கெனவே திருத்தியிருப்பார்கள், முதலில் பாருங்கள்.

அடுத்தது படுத்தியெடுத்தது. மின்வெட்டில் ஃபைபர் போய் எல்டிஇ (மொபைல் இணைய) ரவுட்டருக்கு மாறியதும் ஹேண்ட்ஷேக் (இரு முனைகளின் கைகுலுக்கல்) சரி, பிங் சரி, வலைப்பக்கம் மட்டும் பாதியில் தொங்கும். காரணம் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. கன்டெய்னரின் நெட்வொர்க் முனையான ஈத்0 வழக்கமாக 1500 காட்டும். அதில் 80 கழித்து 1420 என்று டபிள்யூஜி-குயிக் முடிவு செய்துவிடும். வெளியே உள்ள பாதை குறுகியது அதற்குத் தெரியாது. வயர்கார்ட் கோப்பின் இன்டர்ஃபேஸ் பகுதியில் எம்டியு 1280 என்று எழுதியதும் தீர்ந்தது. பாக்கெட்டைத் துண்டாக்காமல் 1252 பைட் பிங் அனுப்பிச் சோதிக்கலாம். பாக்கெட்டின் தலைப்பு (ஹெடர்) 28 பைட் சேர்ந்தால் 1280.

மொபைல் இணைப்பு நேட்டுக்கு (பலர் ஒரே முகவரியைப் பகிரும் ஏற்பாடு) பின்னால் இருப்பதால், இணைப்பை உயிரோடு வைக்கும் பெர்சிஸ்டன்ட்-கீப்அலைவை 25 வினாடி என்று வையுங்கள். சுரங்கக் கன்டெய்னரைப் புதிதாக உருவாக்கினால், அதன் நெட்வொர்க்கில் தொற்றியிருக்கும் மற்றவற்றையும் புதிதாக உருவாக்க வேண்டும்.