ரெட்பேக் சிலந்தியை அடையாளம் காண்பது எப்படி?

ஆஸ்திரேலியாவில் புதிதாக வீடு எடுத்துக் குடியேறுகிறவர்கள் அவசியம் பார்த்துப் பழக வேண்டிய சிலந்தி இது. விஷமுள்ள விதவைச் சிலந்தி (widow spider) வகையைச் சேர்ந்தது. "முதுகில் சிவப்புக் கோடு" என்பதை மட்டும் மனதில் வைத்துத் தேடாதீர்கள். குட்டியும் ஆணும் அப்படி இருக்காது.

1. முதலில் டார்ச், பிறகுதான் கை. தபால் பெட்டி, தோட்டத்து நாற்காலியின் அடிப்பக்கம், பூந்தொட்டி இடுக்கு, வெளியே விட்ட ஷூ, தோட்ட வேலைக் கையுறை. இவைதான் அதற்குப் பிடித்த இடங்கள்.

2. வலையைப் பாருங்கள். வட்டமாக, அழகாக இருக்காது. தாறுமாறாகச் சிக்கிக் கிடக்கும். கீழ்ப்பகுதியைக் கூர்ந்து கவனியுங்கள்: நேராக இறங்கும் நூல்கள் தரையில் ஒட்டியிருக்கும், அடியில் பசைத்துளிகள். எறும்பு அதில் மாட்டினால் நூல் தரையை விட்டு விடுபட்டு, அதை அப்படியே மேலே தூக்கிவிடும். சிலந்தியைப் பார்ப்பதற்கு முன்பே எனக்குச் சந்தேகம் வருவது இந்த நூல்களைப் பார்த்துத்தான்.

3. முதுகு. பெண் சிலந்தியின் உடல் சுமார் 1 செ.மீ. பளபளக்கும் கறுப்பு, உருண்டை வயிறு, மேலே சிவப்பு அல்லது ஆரஞ்சுக் கோடு. சிலவற்றில் கோடு விட்டுவிட்டு இருக்கும்.

4. அடிவயிறு. உடுக்கை வடிவச் சிவப்புக் குறி. வலையில் பெரும்பாலும் தலைகீழாகத் தொங்குவதால், தொடாமலே இதைப் பார்த்துவிடலாம். குட்டிகளுக்கு வயிற்றில் கூடுதலாக வெள்ளைக் குறிகள் இருக்கும். ஆண் வெறும் 3–4 மி.மீ., வெளிர் பழுப்பு.

5. ஏமாற்றுபவை. அலமாரிச் சிலந்தியும் கறுத்து உருண்டிருக்கும். சிலவற்றின் பின்முனையில் சிவப்புப் புள்ளிகூட உண்டு. ஆனால் அடியில் உடுக்கைக் குறி இல்லை. உடல் பழுப்பு, உடுக்கை ஆரஞ்சு, முட்டைப்பையில் முள்முள்ளாக நீட்டல்கள் என்றால் அது பழுப்பு விதவைச் சிலந்தி. ரெட்பேக்கின் முட்டைப்பை வழவழப்பான உருண்டை.

கடித்துவிட்டால்: ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். இறுக்கிக் கட்டுப் போட வேண்டாம், வலிதான் கூடும். (ஃபன்னல்வெப் என்ற இன்னொரு ஆஸ்திரேலியச் சிலந்தி கடித்தால் கட்டு அவசியம், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.) விஷமுறிவு மருந்து 1956 முதல் இருக்கிறது. வலி பரவினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, குமட்டினாலோ மருத்துவமனைக்குப் போங்கள். ஆலோசனைக்கு விஷத் தகவல் மையம் 13 11 26, அவசரமென்றால் 000.