நாயோடு காலை நடை: பங்குனி, சித்திரையில் செய்யக் கூடாதவை

வீட்டில் நாய் இருந்தால் தினமும் ஒரே பாதையில், கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் நடந்தே ஆக வேண்டும். இயற்கையைக் கவனிக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவை பறவை பார்க்க வேட்டங்குடிக்குப் போய் வருகிறவரைவிட, கானாடுகாத்தானில் நாயைப் பிடித்துக்கொண்டு ஊருணிக் கரையைச் சுற்றுகிறவருக்குத்தான் அதிகம் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் அப்படி இல்லை. பார்க்கத் தவறுவது ஒரு பக்கம், தெரியாமல் கெடுதல் செய்வது இன்னொரு பக்கம்.

"நம்ம பக்கம் ஏது வசந்தம், வெயில்தானே" என்று சொல்லிக்கொள்வதில்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது. மாசி கழிந்ததும் கண்மாய் வற்றி, எங்கு பார்த்தாலும் செம்மண்ணும் செம்புறாங்கல்லுமாகத் தெரிவது உண்மைதான். ஆனால் அதே வாரங்களில் புங்க மரம் பழைய இலையைக் கொட்டி மினுமினுவென்று தளிர் விடுகிறது. வேம்பு பூத்துத் தெருவெல்லாம் மணக்கிறது. இலுப்பை ராத்திரியில் பூத்து, விடிவதற்குள் பூவைக் கொட்டிவிடும். அந்த இனிப்புக்காகப் பழந்தின்னி வௌவால்கள் இரவெல்லாம் மரத்தில் சண்டை போடும். ஆறு மணிக்குப் போனால் சதைப்பற்றான வெளிர்நிறப் பூக்கள் தரையில் கிடக்கும். எட்டு மணிக்குள் மிதிபட்டுக் கூழாகிவிடும். தாமதமாகக் கிளம்புகிறவருக்கு இலுப்பை பூத்ததே தெரியாது.

தாமதத்தில் வேறு சிக்கலும் உண்டு. வெயில் ஏறிவிட்டால் தார் ரோடு நாயின் பாதத்தைப் பொசுக்கும். புறங்கையை ஏழெட்டு நொடி ரோட்டில் வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் அதாலும் முடியாது.

அப்புறம், காதில் ஹெட்போன். இந்தப் பருவத்தில் பாதி விஷயம் காதுக்குத்தான் வருகிறது. விடியும் முன்பே குயில் ஆரம்பித்துவிடும். கூவுவது கறுப்பு ஆண். பெண் குயில் பழுப்பில் வெள்ளைப் புள்ளிகளோடு வேறு பறவை மாதிரி இருக்கும்; "கிக் கிக் கிக்" என்று படபடத்துக் கத்தும். காகங்கள் ஒரு குயிலைத் துரத்துவதைப் பார்த்தால் பக்கத்தில் எங்கோ காக்கைக் கூடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். குயில் முட்டையிடுவது அதில்தான். ஹெட்போனோடு போகிறவருக்கு இந்த நாடகம் முழுக்க ஊமைப்படம்.

நாய் ஓரிடத்தில் நின்று மோந்தால் கயிற்றைச் சுண்டி இழுக்கும் பழக்கத்தையும் விடலாம். ஆள் இல்லாத பெரிய வீடுகளின் பின்கட்டுச் சுவர் ஓரம் அது காதை நிமிர்த்தி நின்றால், கீரி போன தடமாக இருக்கலாம், பொந்தில் புள்ளி ஆந்தை இருக்கலாம். கால் நிமிஷம் கூடவே நின்று, அதன் மூக்கு போகிற திசையைப் பாருங்கள். மோந்து பார்க்கட்டும், ஆனால் புதருக்குள்ளும் கல் இடுக்குக்குள்ளும் தலையை விட அனுமதிக்கக் கூடாது. காரணம் பின்னால் வருகிறது.

இதையெல்லாம்விட என்னை எரிச்சல்படுத்துவது ஒன்று உண்டு. கண்மாய் காய்ந்ததும், "காலிப் பொட்டல்தானே, ஓடட்டும்" என்று நாயை அவிழ்த்துவிடுவது. அந்தப் பொட்டல் காலி இல்லை. ஆள்காட்டி அங்கேதான் முட்டையிடுகிறது. கூடு என்று சொல்ல ஒன்றும் இருக்காது. தரையில் லேசான ஒரு பள்ளம், சுற்றிலும் சின்னக் கற்கள், சில சமயம் ஆட்டுப் புழுக்கை. அதற்குள் பெரும்பாலும் நாலு முட்டை. மண் நிறத்தில் கறுப்புத் திட்டுகளோடு இருப்பதால் காலடியில் இருந்தாலும் நமக்குத் தெரியாது. ஏறக்குறைய நாலு வாரம் அடைகாக்க வேண்டும். இந்த வெயிலில் அடைகாப்பது என்றால் சூடேற்றுவது மட்டுமல்ல, நிழல் கொடுப்பதும்தான். தாய் தகப்பன் இரண்டும் மாறி மாறி உட்காரும், வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும். நாய் ஒன்றையும் கடிக்க வேண்டாம். வெயில் ஏறியபின் பறவையைக் கொஞ்ச நேரம் விரட்டி விளையாடினாலே திறந்து கிடக்கும் முட்டை வெந்துபோகும். கவுதாரியும் வானம்பாடியும் தரையில்தான் முட்டையிடும். மயிலும் புதர் மறைவில் தரையைத்தான் தேடும்.

கூட்டை நெருங்கிவிட்டோம் என்பதைப் பறவையே சொல்லிவிடும். ஆள்காட்டி தலைக்கு மேலே வட்டமிட்டுக் கத்தினால், பாய்வதுபோல் இறங்கினால், நாயைக் கையோடு பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்புங்கள். சில சமயம் சிறகு ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு முன்னால் போகும். அடிபட்டிருக்கிறதே என்று பின்னால் போகாதீர்கள். கூட்டிலிருந்து நம்மைத் தள்ளிக் கூட்டிப் போகத்தான் அத்தனை நடிப்பும். கிட்டத்தில் போய் செல்போனில் படம் எடுப்பதும் வேண்டாம். நாம் குனிந்த இடத்தைக் காகம் பார்த்துக்கொண்டிருக்கும்.

சிப்பிப்பாறை, கன்னி வைத்திருப்பவர்கள் கூடுதலாகவே கவனிக்க வேண்டும். கண்ணால் பார்த்து ஓடுகிற வேட்டை இனங்கள் இவை. முயல் கிளம்பிவிட்டால் நீங்கள் கூப்பிடுவது காதில் ஏறாது. முயல், உடும்பு, கீரி, மயில் எல்லாம் 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. நாயை ஏவி விரட்டுவதும் அந்தச் சட்டப்படி வேட்டைதான். நீளமான கயிறு ஒன்று வாங்கிக்கொண்டால் அதற்கும் ஓட இடம் கிடைக்கும், உங்களுக்கும் நிம்மதி.

சரி, பாம்புக்கு வருவோம். இடிந்த சுவர், கல் குவியல், வற்றுகிற ஊருணியின் படிக்கட்டு இடுக்கு, இவையெல்லாம் அதற்கு வசதியான இடங்கள். குக்கர் விசில் விட்டதுபோல் நீண்ட சீறல் கேட்டால் அது பெரும்பாலும் கண்ணாடிவிரியன். நின்று தேடாமல் பின்வாங்குங்கள். நாயைக் கடித்துவிட்டால் கீறுவதோ கட்டுப் போடுவதோ பச்சிலை தேடுவதோ நேரத்தைத்தான் தின்னும். நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு நேராகக் கால்நடை மருத்துவரிடம் போங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் சேர்த்துத் தயாராகும் அதே விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும் போடுகிறார்கள். இருட்டிய பின் நடக்கிறவர்கள் டார்ச் இல்லாமல் போகவே கூடாது.

கோடை மழை ஒன்று விழுந்த மறுநாள் தேரைகள் வெளியே வரும். நாய் வாயில் கவ்விவிட்டால் நுரை தள்ளும். தலையைத் தாழ்த்திப் பிடித்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாமல் வெளியே வழியும்படி வாயைக் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கீழே உட்கார்ந்திருக்கும் மைனாக் குஞ்சை, அநாதை என்று நினைத்து வீட்டுக்குத் தூக்கி வருபவர்களும் இருக்கிறார்கள். இறகு முளைத்த குஞ்சு என்றால் அது பறக்கப் பழகுகிறது, தாய் பக்கத்துக் கிளையில்தான் இருக்கும். நாயை அப்பால் கூட்டிப்போனாலே போதும்.

பார்த்ததை அன்றன்றே குறிக்காமல் விடுவதும் தவறுதான், ஆனால் சின்னத் தவறு. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும்: "முதல் வேப்பம்பூ", "பொட்டலில் ஆள்காட்டி, மூன்று குஞ்சு". அடுத்த வருஷம் அதே பங்குனியில் எடுத்துப் பார்த்தால் பூ முந்தியதா பிந்தியதா என்று தெரியும்.

கடைசியாக ஊருணி. வெக்கை தாங்காமல் நாய் தண்ணீரைப் பார்த்து இழுக்கும், இறக்கிவிட மனசும் வரும். வேண்டாம். குடிக்கவும் புழங்கவும் ஊர் சேர்த்து வைத்த தண்ணீர் அது. வற்றும் காலத்தில் பறவைக்கும் கீரிக்கும் மிஞ்சுவதும் அந்தக் குட்டைதான். கரையில் நாய் அசிங்கம் செய்தால் ஒரு காகிதத்தில் அள்ளிவிடுங்கள். ஒரு பாட்டிலில் தண்ணீரும் சின்னக் கிண்ணமும் கையில் இருந்தால் அது படிக்கட்டுப் பக்கம் இழுக்கவே இழுக்காது.