ஊரில் வீடு திருத்தப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து போய் யாழ்ப்பாணத்தில் வீடு திருத்த நினைக்கிறவர்கள் முதலில் காலத்தைப் பாருங்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூட விடுமுறையோடு ஆடி, ஆவணியில்தான் நாங்கள் போய் இறங்குவோம். நல்லூர்த் திருவிழா நடக்கும் அந்த 25 நாளில் மேசன் ஒருவரைப் பிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. கூரை பிரிக்கிற வேலையென்றால் தை பிறந்த பிறகு வையுங்கள்.

மணல் கியூப் கணக்கில் வரும். ஒரு கியூப் 100 கன அடி. டிப்பர் பெட்டியை அளந்து பார்க்காமல் கொட்ட விடாதீர்கள், பெர்மிட் துண்டையும் கேளுங்கள். வளவுப் பனையைத் தறித்துக் கூரைக்கு மரம் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், அது பெண் பனையா என்று பாருங்கள். பெண் பனை, பலா, ஈரப்பலா தறிக்க 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும்.

சரி, இதெல்லாம் யாரும் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது வேறு. வீட்டைப் பார்த்துக்கொண்ட சொந்தக்காரரிடம் கட்டிட வேலைக் கொந்தராத்தைக் கொடுக்காதீர்கள்.

எங்கள் வீடு கோண்டாவிலில், அம்மாவின் சீதன வீடு. 1995 ஒக்டோபர் 30 இரவு போருக்குப் பயந்து ஊரே வெளிக்கிட்டபோது நாங்களும் வெளிக்கிட்டோம். பிறகு கொழும்பு, அப்புறம் கனடா. ஒன்றுவிட்ட அண்ணை அடுத்த வருடமே திரும்பிப் போய், தன் முற்றத்தோடு எங்கள் முற்றத்தையும் கூட்டத் தொடங்கினார்.

அறையோடு சேர்த்து ஒரு பாத்ரூம் கட்டப்போகிறேன் என்று சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான். "மருமகன் மேசன் வேலைதானே செய்யிறான் தம்பி, வெளியாளுக்கு ஏன் குடுக்கிறாய்?"

என்ன பதில் சொல்ல? விலை பேசவில்லை. எழுத்தில் ஒன்றும் வாங்கவில்லை. அத்திவாரத்துக்கு இவ்வளவு, சுவருக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்திருக்க வேண்டிய காசை இரண்டே தடவையில் அனுப்பினேன். வைபரில் படம் வரும். மூன்று மாதமாக எல்லாப் படத்திலும் மூலை கிழிந்த அதே சீமெந்துப் பை.

போய்ப் பார்த்தேன். பாத்ரூம் வடிவாகத்தான் இருந்தது. பின்னால் மலக்குழிக்குப் புதுக் கொங்கிறீட் மூடி. அங்கிருந்து கிணற்றுக்கட்டுக்கு நாடா பிடித்தால் 18 அடி. 50 அடியாவது விட வேண்டிய இடம். எங்கள் நிலம் வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல். குழியில் விழுவது அதிகம் வடிகட்டப்படாமலே கிணற்றுக்கு வந்து சேர்ந்துவிடும்.

"வளவு சின்னன் மாமா, வேற எங்க வெட்ட?" என்றான் மருமகன். வேலிப் பக்கம் இடம் இருந்தது. அங்கே பாறை, அவ்வளவுதான். கிண்ட இன்னும் சில நாள் கூலி.

நான் கத்தினேன். கனடாவில் கொந்தராத்துக்காரரோடு சண்டை பிடிக்கிற மாதிரி, பில் எங்கே என்று கேட்டேன். அண்ணை கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "இருபத்தெட்டு வருசம் கூட்டினதுக்கு நான் உன்னட்டை பில் தரேல்லையே" என்றார்.

ஆகவே வெளியாளைப் பிடியுங்கள். அவர் முன்பு கட்டிய இரண்டு வீட்டுக்குப் போய், மழைக்கு ஒழுகுகிறதா என்று வீட்டுக்காரியைத் தனியாகக் கேளுங்கள். சாமானை நீங்களே வாங்கி, கூலியைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். பிரதேச சபைக்குக் கொடுக்கிற வரைபடத்திலேயே குழியின் இடத்தைக் குறித்து, நீங்கள் நிற்கும்போதே வெட்டுவியுங்கள். சொந்தக்காரரை வீடு பார்க்க மட்டும் வைத்து, அதற்கு மாதாமாதம் காசு கொடுங்கள். வேண்டாம் என்பார். கொடுங்கள். நான் ஒரு மாதமும் கொடுத்ததில்லை.

பழைய குழியை மூடிப் புதியதை வெட்ட 9 நாள் போயிற்று. அண்ணை அந்தப் பக்கமே வரவில்லை. நான் வெளிக்கிடுகிற அன்று விடியவே வந்து, சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அம்மா கட்டிவிட்ட சிவப்பு நாடா இன்னும் அதில் இருந்தது.

முற்றம் கூட்டத்தான் இப்போது ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.