ரோசா பார்க்ஸில் தொடங்காதீர்கள்: கறுப்பின வரலாற்றுக்கு ஒரு முதல் வகுப்பு

அமெரிக்காவில் கறுப்பின வரலாற்று மாதமான பிப்ரவரி வந்ததும் சுவரில் நாலு படம் ஒட்டி, ரோசா பார்க்ஸைப் பற்றி "களைத்துப்போன தையல்காரம்மா ஒருவர் பேருந்தில் எழ மறுத்தார்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது போதாது. அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரில், இருக்கைப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பினத்தவர் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பை ஒரே பீரியடில் இப்படி நடத்திப் பாருங்கள்.

1. கரும்பலகையில் அந்நகரப் பேருந்தின் 36 இருக்கைகளை வரையுங்கள். முன்னால் 10 வெள்ளையருக்கு மட்டும். நடு வரிசைகளில் கறுப்பினத்தவர் உட்காரலாம். ஆனால் வெள்ளையர் ஒருவர் இடமில்லாமல் நின்றால் அந்த வரிசையே எழ வேண்டும். பார்க்ஸ் உட்கார்ந்திருந்தது அந்த நடுப்பகுதியில்தான். பிள்ளைகளை வெள்ளையர், கறுப்பர் என்று பிரித்து நடிக்கவைக்காதீர்கள். வகுப்பில் ஒரேயொரு கறுப்பின மாணவி இருந்தால் அவள் பாடு என்ன ஆகும்? படமே போதும்.

2. இதுதான் முக்கியமான கட்டம், பாதி நேரத்தை இதற்கே கொடுங்கள். கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் மேயர் கெய்லுக்கு எழுதிய கடிதத்தை, தேதியை மறைத்து நகலெடுத்துக் கொடுங்கள். பயணிகளில் முக்கால்வாசி நாங்கள்தான், நாங்கள் ஏறாவிட்டால் பேருந்து ஓடாது என்கிறது கடிதம். அதில் வரும் 'நீக்ரோ' என்ற சொல் அக்கால வழக்கு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறகு கேளுங்கள்: இது பார்க்ஸ் கைதுக்கு முன்பா, பின்பா? பெரும்பாலும் "பின்பு" என்றுதான் பதில் வரும். தேதியைக் காட்டுங்கள்: 1954 மே 21. பார்க்ஸ் கைதானது 1955 டிசம்பர் 1. ஒன்றரை வருட இடைவெளி. வகுப்பு அங்கே தானாகப் பேச ஆரம்பிக்கும், நீங்கள் குறுக்கே போகாதீர்கள்.

3. இப்போது கிளாடெட் கால்வினைக் கொண்டுவாருங்கள். 1955 மார்ச் 2 அன்று இதே நகரப் பேருந்தில் எழ மறுத்துக் கைதானவர். வயது 15, உங்கள் மாணவர்களின் வயது.

4. பார்க்ஸ் கைதான இரவே ராபின்சன் தன் கல்லூரியில் உருட்டச்சு இயந்திரத்தில் ஆயிரக்கணக்கான துண்டறிக்கைகளை அச்சிட்டார். டிசம்பர் 5-இல் தொடங்கிய புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. பேருந்துப் பாகுபாட்டை முடிவுக்குக் கொண்டுவந்தது பிரவுடர் எதிர் கெய்ல் வழக்கு; வழக்குத் தொடுத்த பெண்களில் கால்வின் உண்டு, பார்க்ஸ் இல்லை.

5. வீட்டுப்பாடம் ஒரு பக்கம்: பேருந்தில் ஏறாமல் 381 நாள் வேலைக்குப் போய்வர ஒரு நகரம் என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும்? கார் யாருடையது, பெட்ரோல் காசு யார் தருவது, மழை நாளில் என்ன செய்வது, எல்லாம் எழுதிவரட்டும். அடுத்த வகுப்பை அந்தத் தாள்களிலிருந்து தொடங்குங்கள்.